கதிருக்குப் பின்னால் ஓடிய ஆடு

கம்ப்யூட்டர் விளையாட்டு ஒன்றில் ஒரு வெள்ளாடு இருந்தது. அந்த விளையாட்டை விளையாடிய மிருதுளா கோதுமைக் கதிரைக் காட்டிக்கொண்டு நடந்தால் போதும், ஆடு காடு மேடெல்லாம் அவள் பின்னாலேயே ஓடும்.

ஒரு நாள் அதை ஓநாய் கடித்துவிட்டது. மிருதுளா பதறிப்போய், இதற்குச் சாவே கிடையாது என்று ஒரு கட்டளை போட்டாள். மறுநாள் ஆடு ஆற்றில் விழுந்து அடித்துச் செல்லப்பட்டது. தேடிப் பிடித்து வேலியோரம் நிறுத்தி, இனி இது அசையவே கூடாது என்று இன்னொரு கட்டளை போட்டாள். அதன் பிறகுதான் நிம்மதியாகப் பரீட்சைக்குப் படிக்கப் போனாள்.

பரீட்சை முடிந்து வந்தவளுக்குக் கட்டளை போட்டதே மறந்துவிட்டது. ஆசையாகக் கதிரை நீட்டினாள். ஆட்டின் மனசு துள்ளியது, கால் எழவில்லை.

பக்கத்தில் நின்ற கோழி, "கூப்பிடுறாளே, போயேன்டி," என்றது.

"போகணும்னுதான் இருக்கு அக்கா. முடியல."

மிருதுளா வெகுநேரம் காத்திருந்தாள். பிறகு ஆட்டின் தலைக்கு மேல் ஒரு பெயரை எழுதிவைத்தாள்.

"என்ன எழுதியிருக்கா?" என்று ஆடு ஆவலாகக் கேட்டது.

கோழி தயங்கித் தயங்கி வாசித்தது. "கோபக்காரி."

மிருதுளா புதிதாக ஒரு குட்டியை வரவழைத்தாள். அது கதிருக்குப் பின்னால் குதித்தோடி, ஆற்றங்கரையில் வழுக்கியது. அவள் அதை அவசரமாக இழுத்து, வேலியோரம் கொண்டுவந்து விட்டாள். வானத்தில் மறுபடியும் கட்டளை எழுதும் பெட்டி திறந்தது.

ஆடு மெதுவாகச் சொன்னது: "அக்கா, கொஞ்சம் தள்ளிக்கோ. பிள்ளை என் பக்கத்துலயே நிக்கட்டும்."