நீலக் கோட்டு

முதியோர் இல்லத்தைச் சோதிக்க வந்த இன்ஸ்பெக்டர் பிரூயிட் மாடிக்கு ஏறியபோது ஏழாம் ரூமில் மணி அடித்துக்கொண்டிருந்தது.

வெர்னன்தான். அவருக்குக் கழிப்பறைக்குப் போகணும். போன வாரம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானே எழுந்தார், விழுந்தார். இடுப்பு இன்னும் கன்றிப்போய்க் கிடக்கிறது. நான் அப்போது வேறொரு ரூமில் இருந்தேன்.

எங்கள் மாடியில் இருபது முதியவர்கள். பகலில் பத்துப் பேருக்கு ஒரு பணியாள் இருக்க வேண்டும் என்பது மாநிலச் சட்டம். குறைந்தால் ஆள் போட்டே ஆகணும். இருப்பதோ நான் ஒருத்திதான். இந்த இன்ஸ்பெக்டர் அம்மா எப்போது வருவார் என்று மூன்று மாதமாகக் காத்துக் கிடந்தேன்.

ஆனால் அவர் கீழே வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுவதற்குள் மேனேஜர் கிரெக் மேலே ஓடிவந்துவிட்டார். எனக்குப் பக்கத்தில் லொரெட்டாவை நிறுத்தினார், என்னுடையது மாதிரியே முழுக்கை நீலக் கோட்டில்.

"ரொண்டா, வாயத் தொறந்த, நாளைக்கு வேற எடம் பாத்துக்க."

லொரெட்டாவின் கோட்டில் பட்டன் மாறிப்போயிருந்தது. சரிசெய்துவிட்டேன்.

பிரூயிட் எங்கள் இருவரையும் எண்ணி எழுதினார். படுக்கையிலேயே கிடப்பவர்களை எப்போதெல்லாம் புரட்டிவிடுவீர்கள் என்று லொரெட்டாவைக் கேட்டார்.

"ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா. குதிகாலையும் பாக்கணும், புண்ணு அங்கதான் மொதல்ல வரும்."

முப்பத்தைந்து வருடம் நர்ஸ் வேலை பார்த்தவர். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். பிரூயிட்டுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

பிறகு யாரும் கேட்காமலே லொரெட்டா சொன்னார். "இந்தப் பொண்ணு ஒத்தையா கெடந்து சாகுறாம்மா. அதையும் எழுதிக்கிட்டுப் போங்க."

சொல்லிவிடலாம் என்றுதான் வாயெடுத்தேன். கிரெக் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வீட்டில் இரண்டு பிள்ளைகள்.

பிரூயிட் சிரித்தார். "அதான் நீங்க இருக்கீங்களே."

அவர் லிஃப்டில் இறங்கியதும் கிரெக் நீலக் கோட்டைக் கழற்றி எடுத்துக்கொண்டார். லொரெட்டாவின் மணிக்கட்டில் கட்டியிருந்த அடையாளப் பட்டை வெளியே தெரிந்தது. அதில் அவர் பெயர், ரூம் பதினான்கு.

"என் டூட்டி முடிஞ்சிருச்சா?" என்று கேட்டார்.

முடிந்தது என்றேன். கையைப் பிடித்து அவர் ரூமுக்குக் கூட்டிப்போனேன். டயபர் நனைந்து கனத்திருந்தது. நான்கு வருடமாக நான்தான் மாற்றுகிறேன்.

மாற்றி முடித்துக் கை கழுவும்போதுதான் கவனித்தேன். ஏழாம் ரூமில் மணி நின்றுபோயிருந்தது.