கண்ணாடிக் கிடங்கு

“என்ன சார் இது? கண்ணாடியில உங்க பேரைத் தேடிக் கண்டுபிடிக்கிறதுக்குள்ள என் கண்ணே போயிடும் போலிருக்கே!”

டீம் லீடர் கம்ப்யூட்டரை அவர் பக்கம் திருப்பினாள்.

எதிரே உட்கார்ந்திருந்தவருக்கு ஆபீசில் வைத்த பேர் ‘நகல்’. அவர் பார்க்கிற வேலை அப்படி. டீமில் யார் எந்த புரோகிராமை மாற்றினாலும் அது முதலில் ஆபீசின் சொந்தக் கம்ப்யூட்டர் கிடங்கில் சேரும். அங்கிருந்து வாடிக்கையாளர் கம்பெனியின் கிடங்குக்கு அச்சு அசலாக ஒரு பிரதி போக வேண்டும். அந்த இரண்டாவது கிடங்குக்குத்தான் ‘கண்ணாடி’ என்று பேர். எது யார் எழுதியது என்று இங்கே இருக்கிற பேரை அங்கே பொருத்தி, பத்திரமாக ஏற்றிவிடுவது நகலின் பொறுப்பு.

வாடிக்கையாளர் பார்ப்பது கண்ணாடியை. அதனால் டீம் லீடரும் கண்ணாடியை மட்டும்தான் பார்ப்பாள். ஆபீஸ் கிடங்கை எட்டிப் பார்க்க அவளுக்கு நேரம் ஏது?

“டீம்ல ஒருத்தரைக் குறைக்கச் சொல்லிட்டாங்க சார். யாருன்னு நான்தான் சொல்லணுமாம்.”

நகல் தலையை மட்டும் ஆட்டினார்.

“மாப்ளையைப் பாருங்க. தொண்டையில ஆபரேஷன், பேசவே கூடாதுன்னு நீங்கதானே வந்து சொன்னீங்க? அந்த மனுஷன் வீட்ல இருந்தே என்னமா எழுதித் தள்றார்! பக்கம் பக்கமா அவர் பேர்தான். நீங்க காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் இங்கேயே பழியாக் கிடக்கறீங்க. உங்க பேர் எங்க சார்?”

நகலும் மாப்ளையும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்தவர்கள். ஒரே மேஜையைப் பங்கு போட்டுக்கொண்டவர்கள். ‘மாப்ளை’ என்று நகல் கூப்பிடப்போய், அதுவே ஆபீஸ் முழுக்க ஒட்டிக்கொண்டது.

“ஏதாவது பேசுங்க சார். ‘இதை நான் செஞ்சேன்’னு ஒரே ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும். மேலே போய் உங்களுக்காக நான் சண்டை போடறேன்.”

நகல் கம்ப்யூட்டரில் வரிசையாக நின்ற மாப்ளையின் பேரைப் பார்த்தார்.

“சொல்றதுக்கு ஒண்ணுமில்ல மேடம்.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“காலேஜ் படிக்கிற பொண்ணை வெச்சுக்கிட்டு இப்படி மெத்தனமா இருக்கீங்களே!”

அவர் முகம் சுருங்கிப் போயிற்று. “மேடம், நான் போயிடறேன். ஆனா கண்ணாடிக்கு ஏத்தற வேலையை மட்டும் வெளியே இருந்து நானே பார்த்துக்கறேனே? சம்பளம்கூட வேண்டாம்” என்றார்.

“நல்லாருக்கு! போன ஆளுக்கு சாவியைக் குடுத்தேன்னு என்னையும் சேர்த்து அனுப்பிடுவாங்க.”

“அப்ப சரி மேடம்...” எழுந்தவர் வாசலில் தயங்கினார். “மாப்ளையைக் கொஞ்சம் பார்த்துக்கோங்க.”

“அவருக்கு என்ன சார், ராஜா! முதல்ல உங்க பொழப்பைப் பாருங்க.”

தண்ணீர் பாட்டிலையும் நாற்காலியில் கிடந்த ஸ்வெட்டரையும் எடுத்துக்கொண்டு அவர் படி இறங்கும்வரை அவள் பார்த்துக்கொண்டே நின்றாள். செய்யாத வேலைக்கு எத்தனை நாள் சம்பளம் தர முடியும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் ஆப்பிள் வாங்கிக்கொண்டு மாப்ளை வீட்டுக்குப் போனாள். நகல் பார்த்த பொறுப்பையும் மாப்ளையிடமே ஒப்படைத்துவிடலாம் என்று யோசனை. இத்தனை மாசமாக ஒருதரம்கூட வந்து பார்க்கவில்லையே என்ற உறுத்தலும் இருந்தது.

கதவைத் திறந்த மாப்ளையின் மனைவி, வந்திருப்பது யார் என்று தெரிந்ததும் அவள் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டாள்.

“உள்ள வாங்க மேடம், உள்ள வாங்க!”

உள் அறையில் மாப்ளை படுத்திருந்தார். கண் திறந்திருந்தது. பார்வை கூரையைவிட்டு நகரவில்லை. கடைவாயில் வழிந்ததை மனைவி துணியால் துடைத்துவிட்டாள்.

டீம் லீடர் ஆப்பிள் பையோடு அறை வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“தொண்டையில ஆபரேஷன்னு...”

“தொண்டையா? இல்லையே மேடம். மூளையில ரத்தம் உறைஞ்சு விழுந்தவர்தான். கை காலை அசைக்க முடியல. என்னையே இன்னார்னு தெரியல.”

அப்படியானால் பக்கம் பக்கமாக மாப்ளை பேரில் ஏறியதெல்லாம் யார் எழுதியது? ஆபீஸ் கிடங்கில் இருந்த பேரை மாற்றிக் கண்ணாடியில் பொருத்தியது யார்? ஐயோ, என்ன காரியம் பண்ணிவிட்டேன்!

“ஆபீஸ்லேர்ந்து... சம்பளம் எப்படி வருதுன்னு உங்களுக்கு...”

“தெரியாம என்ன மேடம்? நகல்னு கேலி பண்ணுவீங்களாமே, அந்த அண்ணன் எல்லாத்தையும் சொல்லிட்டார். ‘அவன் வேலை செய்யாட்டாலும் பரவாயில்ல, சம்பளமும் வைத்தியச் செலவும் நிக்கவே கூடாதுன்னு எங்க மேடம் மேலே போய் சண்டை போட்டு வாங்கித் தர்றாங்கம்மா’ன்னு. உங்களை நினைக்காம நான் ஒரு வாய் சாப்பிடறதில்ல மேடம்!”