மணல் கொட்டாத கார்பெட்

அதேதான். அந்தச் செவப்பு ஈரான் கார்பெட்டேதான்.

மொட்டமாடிக் கைப்பிடிச் சுவர்ல போட்டு, தொடப்பக்கட்ட அடியால தட்டிக்கிட்டு இருந்தா அவ. பார்சல் காலைலதான் வந்துச்சு. கழுவி வந்தாலும் ஒரு தடவ தட்டிட்டுத்தான் விரிப்பா.

தட்டினா.

இன்னும் கொஞ்சம் வேகமா தட்டினா.

ஒரு பொட்டு மணல் விழல.

மொதல்ல சந்தோஷமாதான் இருந்துச்சு. தங்கச்சி ரொவினா இந்தத் தடவதான் ஒழுங்கா கழுவியிருக்கா.

ஏன்னா அந்தக் கார்பெட்ட எப்டிக் கழுவினாலும் உள்ள எங்கயாவது மணல் இருக்கும். அப்பா கப்பல்ல வேல பாத்தப்ப வாங்கிட்டு வந்தது. ஈரான் மண்ணு, தீரவே தீராதுன்னு கிண்டலடிப்பாரு. தூத்துக்குடி மண்ணுதான் அது. அவருக்கும் தெரியும்.

அப்பா போனப்புறம் வீட்ட வித்தாச்சு. பாத்திரம், பீரோ எல்லாம் பிரிச்சாச்சு. கார்பெட்ட வெட்ட முடியாதுல்ல.

அதனால ஒரு வருஷம் தூத்துக்குடில அக்கா இவ வீட்ல. ஒரு வருஷம் சென்னைல ரொவினா வீட்ல. கிறிஸ்மஸுக்கு முன்னாடி கை மாறும். ரெண்டு பேரும் பேசிக்கிறதே அந்தப் பார்சல சாக்கா வச்சுதான். வேற சாக்கு ஒண்ணும் மிச்சமில்ல.

ஒரே ஒரு சட்டம். குடுக்குறவ கழுவிக் குடுக்கணும். ஒருத்தி வீட்டு அழுக்கு இன்னொருத்தி கண்ணுல படக்கூடாது.

சோப்புத்தூள் ஆகாது. பூந்திக்கொட்ட ஊறவச்ச பச்சத்தண்ணி. முடி எந்தப் பக்கம் படுத்திருக்கோ அந்தப் பக்கமா மட்டும் பிரஷ் போகணும். நெழல்ல காயணும்.

பின்பக்கமும் தட்டிருவோம்னு திருப்பினா.

தொடப்பம் கைல அப்டியே நின்னுச்சு.

பின்பக்கம் வெள்ளையா இருந்துச்சு. வெறப்பா. வலத்துணி மாதிரி எதையோ பச போட்டு ஒட்டியிருந்துச்சு.

அப்பாவோட கார்பெட்டுக்கு முன்னாடி என்ன பூவோ, பின்னாடியும் அதே பூ. கையால முடிச்சு முடிச்சா போட்டது.

குஞ்சத்த இழுத்துப் பாத்தா. தனியா தச்சு ஒட்டவச்ச குஞ்சம். மெஷின் தையல், நேர்க்கோடு.

மேல்பக்கம் அதே செவப்பு. அதே நடுப்பூ. நல்லாத்தான் தேடிப் பிடிச்சிருக்கா.

மூந்து பாத்தா.

பூந்திக்கொட்ட வாசன.

அங்கதான் அவளுக்கு ஒடஞ்சுது.

மாத்தி அனுப்புனதக்கூட எப்டியாவது முழுங்கியிருப்பா. ஆனா கடைலேர்ந்து வந்த புத்தம்புதுசு. அதுல ஏது அழுக்கு? அதப் போயி பூந்திக்கொட்ட ஊறவச்சு, தேச்சு, நெழல்ல காயவச்சு அனுப்பியிருக்கா. அக்கா மூந்து பாப்பான்னு தெரியும் அவளுக்கு. வேற யாருக்குத் தெரியும்?

மத்தியானம் ரொவினாவே போன் பண்ணா. வந்து சேந்துச்சான்னு கேட்டா. குனிஞ்சு தேச்சதுல இடுப்பே போச்சுன்னா. பாத்ரூம் ஓட்டைல மணல் அடச்சு, குச்சி விட்டுக் குத்த வேண்டியதாப் போச்சாம். நல்ல விவரமாச் சொன்னா.

"ஹாலே வெறிச்சுன்னு கெடக்குக்கா. வெறுந்தரையப் பாக்கவே முடியல."

அக்கா போன காதோட அழுத்தி வச்சுக்கிட்டா.

எப்பவும் கார்பெட் இந்தப் பக்கம் வந்துட்டா அந்த ஹாலு கெணறு மாதிரி ஆயிரும். ரொவினா அங்க ஒக்காந்து ஒண்ணு பேசினா ரெண்டாக் கேக்கும். ரெண்டு பேரும் அதச் சொல்லிச் சிரிப்பாங்க.

இன்னிக்கு ஒண்ணுதான் கேட்டுச்சு.

மெத்துன்னு இருந்துச்சு கொரல், தரைல கார்பெட் கெடக்குற மாதிரி.

கேட்டுரலாம்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. கேட்டா ரொவினா அழுவா, இல்ல சண்டைக்கு வருவா. எப்டியும் அதுக்கப்புறம் இங்கேருந்து அங்க போகவும், அங்கேருந்து இங்க வரவும் ஒண்ணும் இருக்காது.

"நல்லாக் கழுவியிருக்கட்டி. ஒரு பொட்டு மணல் இல்ல."

அடுப்புல பால் வச்சிருக்கேன்க்கான்னு சொல்லி ரொவினா சட்டுன்னு போன வச்சுட்டா.

சாயங்காலம் வெயில் எறங்குனதும் கடக்கர வரைக்கும் நடந்து போனா. தூக்குவாளி நெறைய மணல் அள்ளிட்டு வந்தா.

கார்பெட்ட ஹால்ல விரிச்சா. முட்டி போட்டு ஒக்காந்தா.

ஒரு பிடி தூவினா. வெரல உள்ள விட்டு, அடி வரைக்கும் எறங்குற மாதிரி தேச்சா. இன்னொரு பிடி. பூந்திக்கொட்டத் தண்ணியத் தேய்க்கிற அதே பொறுமையோட, முடி படுத்திருக்குற பக்கமாவே தேச்சா.

வாளி காலியாச்சு.

கைய வச்சுத் தடவிப் பாத்தா. மேல ஒண்ணுமே தெரியல.

அடுத்த வருஷக் கிறிஸ்மஸுக்கு மேலாப்புல மட்டும் பூந்திக்கொட்டத் தண்ணில தொடச்சு அனுப்புவா. அந்த வாசன இருக்கணும்ல.

ரொவினா பிரிப்பா. பால்கனில போட்டு ஒரு தட்டு தட்டுவா.

பொலபொலன்னு கொட்டும்.

அக்காவுக்கு எல்லாம் தெரியும்னு அவளுக்கு அப்பப் புரிஞ்சிரும்தான? புரிஞ்சா அக்காவுக்குப் போன் போடுவாளா, இல்ல பேசாம மணலக் கூட்டி அள்ளிட்டு அந்தக் கார்பெட்டையும் கழுவி வச்சுருவாளா? நீங்க சொல்லுங்க, எதப் பண்ணுவா?