மறுத்தவனின் சட்டை

பழைய அமெரிக்க ராணுவச் சீருடைகளைச் சேகரிக்கும் செரபினாவை, அவளுடைய சீருடைகளின் கண்காட்சி திறப்பதற்குச் சற்று முன் அமைப்பாளர் அழைத்தார். ஓரத்தில் ஒரு பொம்மைக்குப் போட்டிருந்த பச்சைச் சட்டையை எடுத்துவிடச் சொன்னார். வியட்நாமில் ஒரு கிராமத்தைக் கொளுத்த மறுத்துச் சிறைக்குப் போன சிப்பாயின் சட்டை அது. பதக்கம் வாங்கியவர்களுக்குப் பக்கத்தில் அவன் நிற்கக் கூடாதாம்.

“விட்டுடேன் செரா, ஒரு சட்டைதானே,” என்றார் கணவர் சேவியர்.

“மத்தவங்க பண்ணினதுக்கு ஆதாரம் இருக்கிற மாதிரி, இவன் பண்ணாததுக்கு இந்தச் சட்டைதாங்க ஆதாரம்.”

பொம்மையின் மேலிருந்து சட்டையைக் கழற்றினாள். அமைப்பாளர் நிம்மதியாகத் தலையாட்டினார். அவளோ அதைத் தன் சேலைக்கு மேல் போட்டு, பொத்தான்களை மாட்டிக்கொண்டு வாசலில் போய் நின்றாள்.

கதவு திறந்தது. மார்பு நிறையப் பதக்கங்களோடு வந்த ஒரு அமெரிக்கக் கிழவர், சட்டையில் தைத்திருந்த பெயரை வாய்விட்டுப் படித்தார். செரபினா நகரவில்லை.