ஏழடிப் பெட்டி

"பெட்டி மாதிரி ஒண்ணு செஞ்சி தரணும்ணே. ஏழடி நீளம், ரெண்டடி அகலம். தண்ணியில ஊறாத பலகையா போடுங்க. வெள்ளிக்கிழமை வேணும்," என்றாள் ஆரோக்கியசெல்வி.

கலியமூர்த்தி ஆசாரிக்குத் திக்கென்றது. செலியமேட்டில் அந்த அளவுக்கு அவர் செய்து தந்ததெல்லாம் சவப்பெட்டிதான். அவள் புருஷன், போட்டோ எடுக்கிற பாக்யராஜ், ஒரு மாதமாக ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

"டாக்டர் இன்னாம்மா சொல்றாரு?"

"வெள்ளிக்கிழமை வூட்டுக்கு இட்டுனு போவச் சொல்லிட்டாரு. இந்த அளவுகூட எங்க வூட்டுக்காரரே பெட்டுல படுத்துனு சொன்னதுதான்."

ஆசாரி மற்ற வேலைகளை ஒதுக்கிவிட்டு இழைத்தார். அவள் கேட்காமலே பக்கப் பலகையில் ஒரு சிலுவையும் செதுக்கினார்.

வெள்ளிக்கிழமை பெட்டியோடு போய் இறங்கினால், கதவைத் திறந்தவனே பாக்யராஜ்தான். மெலிந்திருந்தான். ஆனால் சிரித்தான்.

"மூடி எதுக்குண்ணே போட்டீங்க? இனிமே பிலிமை நானே கழுவப் போறேன். இருட்டு ரூம்ல அதுக்கு மருந்துத் தட்டுங்கள வரிசையா வைக்கிற தொட்டி இது. அடியில ஒரு ஓட்ட போட்டுட்டா தண்ணி போயிடும்."

ஆசாரி அவசரமாக மூடியைத் தூக்கி ஓரமாக வைத்தார். "அந்தச் சிலுவைய இழைச்சி எடுத்துடட்டுமாப்பா?"

பாக்யராஜ் அதைத் தடவிப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"அது இருக்கட்டும்ணே. மூடிய மட்டும் எடுத்துனு போங்க. இப்போதைக்கு வேணாம்."