ஏழாம் நம்பர் விளக்கு

இது நான் பார்த்ததில்லை. கூட வேலை பார்க்கிறவர் சொல்லிக் கேட்டது.

"போர்டு மறுபடியும் கெட்டுப் போயிட்டு வே!"

மில் மெஷின்களுக்குக் கண்ட்ரோல் போர்டு செய்துகொடுக்கும் கம்பெனியின் இன்ஜினியர் சுடலைராஜுக்கு எரிச்சலாக வந்தது. பாளையங்கோட்டையிலிருந்து அந்த நூல் மில்லுக்கு இந்த மாதம் மட்டும் நாலாவது நடை.

"நூல் அறுந்தா மெஷின நிப்பாட்டத்தான் உம்ம போர்டு. அதுவே நின்னு போனா? என்னத்த வே படிச்சீரு?" சூப்பர்வைசர் அப்பாத்துரை எல்லார் முன்னாலும் கத்தினார்.

கெட்டது எப்போதும் ஒன்றுதான். டிசி-டிசி கன்வர்ட்டர். மெஷின் கரண்ட்டோடு ஒட்டு உறவில்லாமல், போர்டுக்கும் விளக்குக்கும் தனியாகப் பன்னிரண்டு வோல்ட் கொடுக்கிற சின்னக் கறுப்புக் கட்டி.

"மத்த மெஷின்லாம் ஒழுங்கா ஓடுதே அண்ணாச்சி. ஏழாம் நம்பர்ல மட்டும் ஏன் போவுது?"

"அத என்கிட்ட கேளும்!"

கம்பெனி முதலாளி காலையிலேயே சொல்லிவிட்டார்: "இன்னொரு தடவ போச்சுன்னா நீயும் அதோட போயிரு." வீட்டில் முதல் பட்டதாரி அவன். அவன் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது.

புதுக் கட்டியைப் போட்டான். வழக்கம்போல பஸ் பிடிக்கப் போகாமல், நூல்கூடைகளுக்குப் பின்னால் மறைந்து நின்று பார்த்தான்.

மதியம், ஏழாம் நம்பரில் நிற்கும் முத்துராணி பைய வெளியே நழுவினாள். அப்பாத்துரை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மெஷின் தலையிலிருந்த விளக்கின் வயரைப் பிடுங்கினார். நூல் ஓடினால் பச்சை, அறுந்தால் சிவப்பு என்று மேனேஜர் தன் கண்ணாடி அறையிலிருந்து பார்க்க வைத்த விளக்கு.

சுடலைராஜ் ஓடிப்போய் மீட்டரை வைத்தான். பன்னிரண்டு, பதினெட்டாகியிருந்தது.

"நீங்கதானா அண்ணாச்சி! விளக்கு எரிஞ்சாத்தான் கன்வர்ட்டருக்குப் போதுமான வேலை. அது இல்லேன்னா வோல்டேஜ் எகிறி, கன்வர்ட்டர் கொஞ்சங்கொஞ்சமா வெந்து போவுது. என் பொழப்பையே கெடுத்துட்டீங்களே!"

"கத்தாதீரும் வே." அறுந்த இழையைத் தானே முடிந்துகொண்டிருந்தார் அப்பாத்துரை. "மில்லு காப்பகத்துல இருக்க தன் பச்சப் புள்ளைக்குப் பால் குடுக்கப் போயிருக்கா. சிவப்பு எரிஞ்சா மேனேஜர் இறங்கி வந்துருவாரு. எரியலேன்னா பல்பு போயிட்டுன்னு பேசாம இருப்பாரு."

முத்துராணி மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"ஏட்டி, என்ன ஆடி அசைஞ்சு வார?" என்று அவளையும் ஏசிவிட்டு, வயரை மாட்டினார்.

சுடலைராஜ் மறுபடியும் போர்டைத் திறந்தான். விளக்கு இல்லாவிட்டாலும் கன்வர்ட்டருக்குக் கொஞ்சம் வேலை இருக்கும்படி, ஏழாம் நம்பரில் மட்டும் ஒரு ரெசிஸ்டரைப் பற்றவைத்தான்.

முதலாளியிடம், "தப்பு நம்ம டிசைன்லதான் சார்" என்றான். ஏச்சு வாங்கினான், வேலை தப்பியது. ஆனாலும், பொய் சொல்லிவிட்டோமே என்று ரொம்ப நாள் அவனுக்கு உறுத்தலாக இருந்ததாம்.

நான் பிறகு அந்த மில்லில் விசாரித்தேன். அடுத்த மாதமே மூன்றாம் நம்பரில் பல்பு தானாக ஃபியூஸ் ஆகியிருக்கிறது. வயரை யாரும் தொடவில்லை. அந்தக் கன்வர்ட்டரும் வெந்துபோயிருக்கிறது.

அவன் சொன்னது பொய்யே இல்லை.