வேலை முடியும் வரைக்கும்

பாட்டு டீச்சர் வந்த வேகத்தைப் பார்த்ததுமே ஃபாதருக்குத் தெரிந்துவிட்டது, இன்றைக்கு மதியத் தூக்கம் போச்சு என்று.

"பள்ளிவாசல் வேலை முடிஞ்சிருச்சு ஃபாதர். என் கண்ணால பார்த்துட்டு வர்றேன். ஆனா நம்ம கோயில்ல இன்னும் தொழுகை நடக்குது."

தெருமுனைப் பள்ளிவாசலின் கூரை மழையில் இறங்கியபோது, வேலை முடியும் வரைக்கும் இங்கே வந்து தொழுங்கள் என்று கூப்பிட்டவர் ஃபாதர்தான். கோயிலின் பின்பாதியில் பெஞ்சுகளை ஒதுக்கி இடம் கொடுத்தார்கள். டீச்சரும் அப்போது மறுக்கவில்லை. மதியப் பாட்டுப் பயிற்சியைத் தன் வீட்டுக்கே மாற்றிக்கொண்டார். பாவம், பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் அனுபவித்தார்கள்.

ஆனால் எதற்கும் ஒரு அளவு வேண்டாமா என்பது டீச்சரின் கட்சி. கூட்டம் பள்ளிவாசலுக்குத் திரும்பிப் போய்விட்டது. டெய்லர் பாயும், கண்ணாடிக் கடைக்காரரும், இன்னும் நாலைந்து பேரும் மட்டும் ஒன்றும் தெரியாதவர்கள் மாதிரி தினமும் மதியம் இங்கேதான் வருகிறார்கள். இரக்கப்பட்டால் இப்படித்தான் என்று குமுறினார்.

"நீங்களே கேட்டுப் பாருங்களேன்" என்றார் ஃபாதர். சங்கடமான வேலையை அடுத்தவர் தலையில் கட்டுவதில் அவர் கெட்டிக்காரர்.

மறுநாள் மதியம் டீச்சர் தூணோரமாகப் போய் நின்றுகொண்டார்.

உள்ளே மணியண்ணன் பாய் விரித்துக்கொண்டிருந்தார். கோயில் மணி அடிப்பது, கூட்டுவது, பூட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. மனைவி இறந்துபோனதிலிருந்து தாடியும் கசங்கிய சட்டையுமாக, யாரிடமும் வாய் திறக்காமல் திரிந்த மனிதர். ஞாயிற்றுக்கிழமைகளில் பாட்டுக்குழுவை முறைப்பதே முழுநேர வேலையாக இருந்ததால், டீச்சர் அவரைக் கவனித்தே ரொம்ப நாளாகியிருந்தது. இன்றைக்குப் பார்த்தால் பளபளவென்று சவரம். இஸ்திரி போட்ட சட்டை.

வந்தவர்களைப் பார்த்து மணியண்ணன், "வாங்க வாங்க, பாய்க்குப் பாய் போட்டாச்சு" என்றார். அத்தனை பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

பிறகு பக்கச் சுவரைப் பார்த்து வரிசையாக நின்று தொழுதார்கள். மணியண்ணன் கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து ஜெபமாலை உருட்டினார்.

தொழுகை முடிந்து வெளியே வந்த டெய்லர் பாயை டீச்சர் வாசலிலேயே மடக்கினார். பள்ளிவாசல்தான் திறந்தாச்சே, இன்னும் இங்கே என்ன என்று நேராகவே கேட்டுவிட்டார்.

டெய்லர் பாய் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தினார்.

"மத்த வேளையெல்லாம் அங்கதான்மா தொழறோம். கடைசி நாள் மணியண்ணன்கிட்ட சொல்லிட்டுப் போகலாம்னு நின்னோம். அவர் முந்திக்கிட்டு, 'நாளைக்கு வெயில் ஜாஸ்தியா இருக்கும்போல, குடத்துல தண்ணி வெச்சிடுறேன்'னாரு. அதுக்கப்புறம் எந்த வாயால சொல்றது? எங்க இமாம்கிட்ட கேட்டோம். 'எழுந்து உக்காந்த மனுஷனை மறுபடி படுக்க வெச்சுடாதீங்க, போய்ட்டு வாங்க'ன்னாரு."

"அந்த ஜோக்?"

"தினமும் அதேதான். பழகிடுச்சும்மா."

பள்ளிவாசல் விஷயம் மணியண்ணன் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, டெய்லர் பாய் கடைக்கு நடந்தார்.

டீச்சர் உள்ளே போனார். மணியண்ணன் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவரே பேச்சை ஆரம்பித்தார்.

"என்ன கேட்டிருப்பீங்கன்னு தெரியும் டீச்சர். பள்ளிவாசல் திறந்த அன்னிக்கே எனக்குத் தெரியும். தெரியும்னு காட்டிக்கிட்டா, 'அப்புறம் ஏன் இங்க வர்றீங்க'ன்னு நான் கேட்டாகணும். கேக்க மனசு வரல. நீங்களும் அவங்ககிட்ட சொல்லிடாதீங்க."

டீச்சர் ஒரு பாயின் மறுமுனையைப் பிடித்துச் சுருட்டிக் கொடுத்தார்.

டீச்சர் திரும்பும் வழியில் ஃபாதர் வராந்தாவிலேயே காத்திருந்தார். என்ன ஆச்சு என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். பிள்ளைகள் ஒரு ஸ்வரம் பிசகினாலே பொய் சொன்ன மாதிரி கோபப்படுகிற டீச்சர், அவர் முகத்தைப் பார்க்காமல் குடையை விரித்தபடியே சொன்னார்:

"நான்தான் தப்பாப் பார்த்துட்டேன் ஃபாதர். அங்க வேலை இன்னும் பாக்கி இருக்கு. மெதுவாத்தான் முடியும், நாம அவசரப்படுத்த வேண்டாம்."